அறுத்த கம்பியில் எங்கேஜ் சத்தம்

தோளில் பழைய டெலிபோன் கம்பிச் சுருள், முதுகில் பை, பைக்குள் கனமான பேட்டரி, காதில் செல்போன். அந்தத் தோட்டத்து வீட்டிலிருந்து திருச்செங்கோட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு மண் பாதையில் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பாதி தூரம் நடந்திருப்பேன், பகல் இரண்டு மணி, நல்ல வெயில். காதில் எங்கேஜ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நான் அடித்த நம்பரை அன்று காலைதான் நானே டெலிபோன் ஆபீசில் மூடிவிட்டு வந்திருந்தேன். அந்த நம்பருக்குப் போன கம்பியைத்தான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குமாரபாளையத்தில் தறி ஓட்டிய காலத்தில் தங்க இடமில்லாமல் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக் கொட்டகையில் இரண்டு மாதம் படுத்திருக்கிறேன், அங்கே என்னைத் தொந்தரவு செய்தது கொசு மட்டும்தான். எட்டாவதோடு படிப்பை விட்டு வாழப்பாடியிலிருந்து கிளம்பியவன், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை, லாரிப் பட்டறை, தறி என்று பார்க்காத வேலை இல்லை. எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. கடைசியாக ஒட்டிக்கொண்டது மணியண்ணன் என்கிற கேபிள்காரரிடம். வீடு வீடாகக் கண்ணாடி இழைக் கம்பி இழுத்து, இன்டர்நெட் பெட்டி மாட்டி, அதிலேயே வீட்டுப் போனையும் சொருகிக் கொடுக்கிற வேலை.

அந்த வீட்டுக்கார அம்மாவின் பெயர் பாவாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு எருமை, ஒரு கிணறு, ஓட்டு வீடு, தனியாள். கணவர் ரிக் வண்டி டிரைவர். ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற வண்டியில் வடக்கே போனவர். ஏழு வருடத்துக்கு முன்னால் மகள் கல்யாணத்துக்கு வர முடியாது, முதலாளி விடமாட்டேன் என்கிறார் என்று போனில் சொல்லியிருக்கிறார். இந்த அம்மா ஆத்திரத்தில் கத்திவிட்டு டக்கென்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. ஏதோ ஒரு ஊரில் டீ குடிக்க இறங்கினார், திரும்பி ஏறவில்லை என்று ரிக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் அந்த அம்மா எனக்குச் சொன்னது, கையெழுத்து வாங்க முதல் தடவை போனபோது.

"அவியளுக்கு செல்லு தங்காது சாமி. ஒண்ணு சேத்துல உழுந்துரும், இல்லாட்டி எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். மனசுல இருக்கறது இந்த ஊட்டு நம்பரு ஒண்ணுதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அதனால் அந்த அம்மா அந்தப் போனிலிருந்து யாரையும் கூப்பிட்டதே கிடையாது. மகளோடு பேச, பால்காரரோடு பேச எல்லாம் செல்போன்தான். ஊட்டுப் போன் எங்கேஜாக இருக்கிற நேரம் பார்த்து அவர் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். மணி சத்தம் கேட்கிற தூரத்தைத் தாண்டி எருமையைக்கூடக் கட்டுவதில்லை. ஒரம்பரை, சொந்தபந்தம் வீட்டுக் கல்யாணம், இழவு, எதற்கும் போவதில்லை.

நல்ல பொம்பளை, பாவம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு வேறு உத்தரவு இருந்தது. இன்டர்நெட்டுக்குச் சொல்லி ஏற்பாடு செய்தது பெங்களூரில் இருக்கிற மகள். அந்தப் பெண் மணியண்ணனிடம் பேசிவிட்டு, என்னிடமும் பேசியது.

"அண்ணா, அந்தப் பழைய நம்பர மூடிருங்க. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். எனக்குக் கொழந்த பொறந்தப்பக்கூட அம்மா வல்லீங்க. ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுக்காரங்கதான் எனக்குத் தலை வாரி விட்டாங்க. அப்பா வரமாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. அந்த நம்பர் இருக்கற வரைக்கும் அம்மா அந்த ஊட்ட உட்டு நகராது."

அதுவும் நியாயம்தானே? யார் பக்கம் நிற்பது என்று யோசிக்கிற இடத்தில் நான் இல்லை. மணியண்ணன் முடித்துவிட்டார்.

"ஏப்பா வாழப்பாடி, உன்ற வேலை கம்பி இழுக்கறது. குடும்ப வெவகாரம் இழுக்கறது இல்ல. ரெண்டு தாள்லயும் கையெழுத்து வாங்கிட்டு வா, போ."

ஒரு தாள் புது இணைப்புக்கு. இன்னொன்று பழைய இணைப்பை மூடச் சொல்லி. அந்த இணைப்பு அந்த அம்மா பெயரில்தான் இருந்தது.

"ரெண்டு எதுக்கு சாமி?" என்று கேட்டார்.

"ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு எங்களுக்கும்மா."

"நம்பரு மாறாதுல்ல?"

"மாறாதும்மா."

"சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியமா."

எழுத்தெழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பாவாயி என்று இரண்டு தாளிலும் எழுதினார். நம்பரை மாற்றாமலே இன்டர்நெட் போன் வைத்துக்கொள்ள டெலிபோன் ஆபீசிலேயே வழி உண்டு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, நான் முதலில் சொன்ன அந்த நாளில், காலையில் தாளைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன். பத்து மணிக்கெல்லாம் மூடிவிட்டார்கள். வாசலில் நின்று அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று பெண் குரல் சொன்னது. அப்புறம்தான் தோட்டத்துக்குப் போனேன். அன்று அந்தப் பக்கம் மாதாந்திர மின்தடை, ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வரும். எங்களுக்கு அது தடை இல்லை. கையில் பேட்டரி கொண்டுபோவோம், பெட்டியை அதில் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவோம். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக உயிர் பெறும்.

கம்பத்தில் ஏறி பழைய கம்பியை அறுத்தேன். சுவர் வரைக்கும் உருவிச் சுருட்டினேன். புதுக் கம்பி இழுத்து, பெட்டி மாட்டி, அந்த அம்மாவின் பழைய போனையே பெட்டியில் சொருகினேன். அந்த இடத்தில்தான் எங்கள் தொழிலின் சாமர்த்தியம் இருக்கிறது. அதே போன், அதே ஸ்டூல், அதே மூலை. பின்னால் நம்பர் வேறு என்று யாருக்குத் தெரியும்?

பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க என் செல்லிலிருந்து புது நம்பருக்கு அடித்தேன். சோதனைக்கு அடிக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், மறந்துபோனேன். மணி அடித்தது. அந்த அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, முந்தானை கதவில் மாட்டிக் கிழிவதைக்கூடப் பார்க்காமல், எடுத்து, "ஏனுங்க..." என்றார்.

நான்கடி தள்ளி நான் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தக் குரல் எதிரிலிருந்தும் வருகிறது, என் காதுக்குள்ளும் வருகிறது. செல்லைக் காதிலிருந்து எடுத்தேன். பிறகுதான், "நான்தாம்மா, டெஸ்ட்" என்றேன்.

"அட, நீங்களா" என்று மெதுவாக வைத்தார். கிழிந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நல்லாத்தான் அடிக்குது" என்றார்.

பேட்டரியைக் கழற்றும்போது, கரண்ட் இருந்தால்தான் இந்தப் போன் அடிக்கும் என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"பழசு கரண்டு இல்லாட்டியும் அடிக்குமே சாமி. இப்ப அவிய கூப்பிட்டாங்கன்னா?"

"அஞ்சு மணிக்கு வந்துரும்மா. மூணு மணி நேரம்தானே."

"ஏழு வருசம் இருந்தாச்சு. மூணு மணி நேரம்தான?" என்று சிரித்தார்.

அப்படிக் கிளம்பி நடந்தவன்தான், பாதி வழியில் பழைய நம்பருக்கு அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு போய்ப் போய்த் தொடுமே, அது மாதிரி. உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் குரல் இன்னொரு தடவை சொல்லிவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்திருப்பேன். எங்கேஜ் சத்தம் வந்தது. தப்பாக அமுக்கிவிட்டேனோ என்று எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து மறுபடி அடித்தேன். எங்கேஜ். மூன்றாவது தடவையும் எங்கேஜ். என் செல்லில்தான் கோளாறு என்று மணியண்ணன் ஆபீசுக்கு அடித்தேன், ஒழுங்காகப் போனது, "என்னப்பா முடிஞ்சுதா?" என்று கேட்டார், முடிந்தது என்று வைத்துவிட்டேன்.

திரும்பி நடந்தேன். நடக்க நடக்க அடித்துக்கொண்டே வந்தேன், நம்பினால் நம்புங்கள், ஒரு தடவைகூட மாறவில்லை.

வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அந்தச் சுவரில் சன்னல் கிடையாது. வாசல் கிழக்கே. வாசலுக்குப் போக என்னமோ தயக்கமாக இருந்ததால் மரத்தடியிலேயே நின்றேன். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக உள்ளே பேசுவது கேட்டது. அந்த அம்மாவின் குரல் மட்டும்.

"...மோட்டாரு காயிலு ரெண்டு தடவ போயிருச்சுங்க. பெரிய எருமைய வித்துப்போட்டேன், கன்னு இப்ப எருமையாயிருச்சு... பல்லு ரெண்டு புடுங்கியாச்சு, நீங்க பாத்தா சிரிப்பீங்க... பொட்டப் புள்ள. உங்கம்மா சாடை. போட்டாவுல பாத்ததுதான்... எங்க போறது, நான் போயிட்டா நீங்க கூப்பிட்டா ஆரு எடுக்கறது?"

நடுநடுவே நிறுத்துகிறார். அந்தப் பக்கம் ஒருவர் பேசி முடிக்கிற அளவுக்கு நிறுத்தி, "ம்... ம்..." என்கிறார். தனியாகவே இருந்து இருந்து அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, உயிரில்லாத போனை எடுத்துப் பேசுகிறது என்று நினைத்தேன். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள். ஆனால் என் செல்லில் எங்கேஜ் சத்தம் நிற்கவில்லையே.

"நாந்தான் வெச்சுப்போட்டேன்" என்றார் உள்ளே. "உங்களுக்குக் காசு தீந்து கட்டாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டீங்களா? இல்லீங்க. கோவத்துல நாந்தான் வெச்சேன்."

கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன். கடைசியில் சண்டை போடுகிற மாதிரி அவர் குரல் உயர்ந்தது, எருமை கத்தின கத்தலில் என்ன பேசினார் என்று பிடிபடவில்லை. போனை வைக்கிற சத்தம் கேட்டது. அந்த நொடியே அடித்தேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.

அந்த அம்மா வெளியே வந்தார். வாசல் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக வீட்டைச் சுற்றிக்கொண்டு வடக்கே, நான் நிற்கிற மரத்தடிக்கு வந்தார், கையில் சொம்புத் தண்ணீர்.

"குடிங்க சாமி. வெயில்ல வெகு நேரமா நிக்கறீங்களாமே."

"யாரும்மா சொன்னது?"

"அவியதான். 'வடக்க மரத்தடியில ஒரு ஆளு நிக்குது, அலைஞ்சு களைச்சுப் போயிருக்குது, தண்ணி கொண்டுபோய்க் குடு'ன்னாங்க."

சொம்பை வாங்கினேன். குடித்தேன். வேறு என்ன செய்வது?

உள்ளே போய்ப் பார்த்தேன். மின்விசிறி அசையவில்லை. பெட்டியில் ஒரு விளக்குகூட இல்லை. போனை எடுத்துக் காதில் வைத்தேன், கட்டையைக் காதில் வைத்தது மாதிரி இருந்தது, ஒரு இரைச்சல்கூட இல்லை.

"கரண்டு இல்லாட்டி அடிக்காதுன்னீங்க, அடிச்சுதே!" அந்த அம்மா கேலியாகச் சிரித்தார். "உங்க வேலை உங்களுக்கே தெரியல போங்க."

"என்ன பேசினாரும்மா?"

"அவிய எங்க அதிகமாப் பேசுனாங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு கேட்டாங்க. மத்தபடி நான் பேசறதக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசியிலதான், இதுக்கு மேல கூப்பிட முடியாது பாவாயின்னாங்க. ஏனுங்கன்னேன். 'நீதான ரெண்டு தாள்ல கையெழுத்துப் போட்டு நம்பர மூடிப்போட்டே'ங்கறாங்க." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு வந்துதே கோவம். விடுவனா? 'உங்களுக்கு எவனோ தப்பாச் சொல்லிப்போட்டான், போன் மாட்டுன தம்பி ஆத்தா மேல சத்தியம் பண்ணியிருக்குது, நம்பரு அதேதான்'னு நெம்பச் சண்டை போட்டேன். சிரிச்சுக்கிட்டாங்க. சரி போ, தண்ணி குடுன்னாங்க."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நம்பரு அதேதானுங்களே சாமி?"

அப்போது சொல்லியிருக்கலாம். கையில் காலிச் சொம்பு, தோளில் அந்தக் கம்பிச் சுருள். அதைப் பார்த்தும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை.

"ஆமாங்கம்மா. அதேதான்" என்றேன்.

"அப்பறம் என்ன. நாளைக்கும் கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

ஓடினேன் என்றே சொல்லலாம். பஸ் பிடித்து டெலிபோன் ஆபீஸ் மூடுவதற்குள் போய்விட்டேன். அந்த நம்பரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். பத்து மணிக்கே மூடியாகிவிட்டது, ஆனால் எண் இன்னும் யாருக்கும் போகவில்லை, அந்த அம்மாவே நேரில் வந்து, விவரம் சொல்லி எழுதிக் கொடுத்தால், நாளைக்குள் என்றால், முயற்சி பண்ணலாம் என்றார். எங்கேஜ் வந்ததைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பியையே உருவி தோள்ல போட்டுக்கிட்டு வந்து நிக்கறே. எங்கேஜ் எங்கப்பா வரும்? சாப்பிட்டியா காலைல?"

அந்த அம்மாவைக் கூட்டிவர வேண்டும். கூட்டிவர வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான் நிஜம், நான்தான் பொய் சொன்னேன், அவரோடு நீங்கள் சண்டை போட்டது என் பொய்யை நம்பித்தான் என்று சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பக்கம் போகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. மூன்று பஸ்ஸை விட்டேன். கடைசியில் பேட்டரியையும் கம்பியையும் மணியண்ணன் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நாமக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் எல்லா ஊரையும் நான் இப்படித்தான் விட்டுவந்திருக்கிறேன். இந்த ஊரை விட்டது மட்டும்தான் உறுத்துகிறது.

புது நம்பர் என் செல்லில் இருந்தது. போனிலாவது சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் எத்தனையோ தடவை எடுத்தேன். அதற்குள் கரண்ட் வந்திருக்கும், பெட்டியில் விளக்கு எரியும், அடித்தால் மணி கேட்கும். முதல் மணியிலேயே ஓடிவந்து எடுப்பார் என்பது தெரிந்ததால் அடிக்க முடியவில்லை.

அவர் உயிரோடு இருக்கிறாரா, செத்தாரா, எனக்குத் தெரியாது. எப்படிப் பேசினார் என்பதும் தெரியாது. டெலிபோன் ஆபீசில் ஏதோ கோளாறு என்று நீங்கள் சொல்லலாம், அந்த அம்மா சந்து வழியாக என்னைப் பார்த்திருக்கலாம் என்றும் சொல்லலாம், நானே பலமுறை அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டு தாளில் ஒன்று நம்பரை மூடத்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை என்ன சொல்லி ஒதுக்குவது என்றுதான் தெரியவில்லை. அதைவிட, பேச இருந்த கடைசி நிமிடத்தில், தன் வழியை அறுத்தவன் யார் என்று தெரிந்த பிறகும், அந்த மனுஷர் என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் தண்ணீர் கொடுக்கச் சொன்னாரே, அதுதான். இன்றைக்கும் எந்த வீட்டில் யார் தண்ணீர் கொடுத்தாலும் என் கை தயங்குகிறது. யார் கொடுக்கச் சொன்னது என்று கேட்கத் தோன்றுகிறது.

பஸ் ஏறிய மறுநாள் காலை நாமக்கல் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சொன்னார்கள், போனேன். மேற்பார்வைக்காரர் ஊர், பெயர் கேட்டார், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார், மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னார். கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினார்.

"செல்ல அணைச்சு இதுல போட்டுட்டு உள்ள போப்பா. மணி அடிச்சா கோழி மிரண்டுக்கும், முட்ட போடாது. பொழுதோட வெளிய வாரப்ப எடுத்துக்கலாம்."

அணைத்துப் போட்டேன். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. முட்டை அடுக்குகிற அட்டையை எடுத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன்.